ஐயாவின் வீட்டுப்பாடம்

எங்கள் காலத்தில் தமிழ்ப் பேராசிரியர் என்றால் முதலில் குரல் வேண்டும். அது ஒலிபெருக்கிக்கு ஒத்துப்போகிற குரலாகவும் இருக்க வேண்டும். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியதில் பிடித்து, ஊருக்கு ஊர் கழகம், விழா, வழக்காடு மன்றம் என்று பெருகிப்போயிருந்தது. குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்காரும் பட்டிமன்றம் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்ட தலைமுறை எங்கள் அப்பாக்களுடையது. கல்லூரித் தமிழ் வாத்தியார்களில் யார் கெட்டி என்பதை ஊர் அந்த மேடையை வைத்துத்தான் தீர்மானித்தது.

அந்தக் கணக்கில் எங்கள் ஐயா தேறவே மாட்டார். மேடை ஏறாதவர். சொந்தமாக ஒரு புத்தகம் போடாதவர். கல்லூரி முதல்வராகப் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர். போன ஆண்டு அவர் காலமானபோது உள்ளூர்ப் பதிப்பில்கூட நாலு வரிச் செய்தி வரவில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்: தமிழ் படித்தவர்கள் பாதிதான். மீதிப்பேர் வணிகவியல், விலங்கியல், கணக்கு. லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர் ஒருவர், கூட்டுறவு சங்கச் செயலாளர் ஒருவர், உரக்கடைக்காரர் ஒருவர். பகுதி ஒன்று தமிழில் ஐயாவிடம் வாரத்துக்குச் சில மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இவர்கள். தமிழை அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அம்மா சொல்லிவிட்டார்: "இருந்தப்பவே பேர் போட்டுக்காத மனுஷன். இப்ப எதுக்கும்மா?" அம்மா என்றால் அவருடைய மனைவி. நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

மேல்நிலை வகுப்பு 1978இல் வந்தது. அதன் முதல் அணி நாங்கள். 1980இல் தஞ்சை வட்டாரத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. தமிழில் சேர்ந்தேன். தமிழ்ப் பற்றால் சேர்ந்தேன் என்று மேடைகளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படியொன்றுமில்லை. மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம் அது. எங்கள் ஊரிலிருந்து காலையில் புறப்படும் ஒரே பேருந்து போய்ச் சேரும் கல்லூரியும் அதுதான். வீட்டில் அனுப்பியதற்குக் காரணமும் அந்தப் பேருந்துதான்.

அரசுக் கல்லூரித் தமிழ்த்துறையில் எழுதப்படாத ஒரு ஏற்பாடு உண்டு. மூத்தவர்கள் எம்.ஏ. வகுப்பையும் சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் எடுத்துக்கொள்வார்கள். புதிதாக வந்த டியூட்டர் தலையில் பகுதி ஒன்று தமிழைக் கட்டுவார்கள்: மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் ஹவர், பி.காம். முதலாண்டு, எழுபது பேருக்குக் குறையாத வகுப்பு. அந்தப் பையன்களுக்குத் தமிழில் தேறினால் போதும். அரியர் விழுந்தால்கூடக் கவலைப்படாதவர்களும் உண்டு. ஐயா துறைத்தலைவர். இருந்தும் கால அட்டவணை போடும்போது அந்த வகுப்பைத் தனக்கென்று எழுதிக்கொள்வார். "எம்.ஏ. படிக்கிறவங்க நான் இல்லாட்டியும் படிச்சுக்குவாங்க. இவங்களுக்கு இதுதான் கடைசித் தமிழ் வகுப்பு" என்பார்.

அந்த வகுப்பின் வாசலில் நின்று நான் பலமுறை ஒட்டுக்கேட்டிருக்கிறேன். யாப்பு நடத்தும் நாளில் நிற்காமல் போகவே முடியாது. நேரசை, நிரையசை என்று பலகையில் நாலு வரி எழுதிவிட்டு, "பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்" என்பார். பையன்கள் ஆளுக்கொரு பேருந்துப் பலகையைச் சொல்ல வேண்டும். கும்பகோணம்: நேர், நிரை, நேர், கூவிளங்காய். தஞ்சாவூர் தேமாங்காய். திருவாரூர் புளிமாங்காய். மன்னார்குடி? நேர், நேர், நிரை. தேமாங்கனி. "ஆக, மன்னார்குடி வண்டி வெண்பாவுக்குள்ளே நுழையாது. கனிச்சீருக்கு அங்கே அனுமதி கிடையாது. மன்னார்குடிக்காரங்க எல்லாம் இறங்கி வஞ்சிப்பாவுக்கு நடந்து போங்க." வகுப்பு அதிரும். சிரிப்பு அடங்குமுன் அடுத்த கேள்வி வரும். கும்பகோணத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் நிற்கலாமா, திருவாரூர் நிற்கலாமா? காய்முன் நேர் வரவேண்டும் என்பது வெண்டளை. தஞ்சாவூர் நேரில் தொடங்குகிறது, நிற்கலாம். திருவாரூர் நிரையில் தொடங்குகிறது, தளை தட்டும். இவ்வளவையும் பி.காம். பையன் ஒருவனே எழுந்து சொல்வான். பட்டுக்கோட்டையும் நாகப்பட்டினமும் நாலசையாகி எந்தப் பக்கமும் சேராமல் மூலையில் கிடக்கும். துக்கம் கேட்க வந்த லாரி புக்கிங் ஆபீஸ்காரர், சாம்பல் கரைத்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து, தன் வண்டிகள் போகிற ஊர்களையெல்லாம் விரல்விட்டு அலகிட்டுக் காட்டினார். விழுப்புரத்தில் தடுமாறினார்; பக்கத்திலிருந்த உரக்கடைக்காரர் திருத்தினார்.

நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கர் வகையைச் சொல்லும் இடம் வரும். பவணந்தி நல்ல மாணாக்கரை அன்னத்தோடும் பசுவோடும் வைத்து, கடைநிலை மாணாக்கரை ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பட்டியல் போட்டிருக்கிறார். வழக்கமாகத் தமிழாசிரியர்கள் இந்த இடத்தில் வகுப்பின் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே நடத்துவார்கள். ஐயா மட்டும் ஆட்டின் பக்கம் பேசினார். ஒரு செடியில் ஒரு வாய், இன்னொரு செடியில் ஒரு வாய் என்று மேய்ந்தால் என்ன தப்பு, ஆயுசுக்கும் அப்படி மேய்ந்துகொண்டிருந்தால் போதாதா என்பார். பவணந்தி அன்றைக்கு என்ன கோபத்தில் இருந்தாரோ என்று சொல்லிவிட்டு நூற்பாவைச் சரியாக நடத்தி முடிப்பார்.

சங்கப் பாட்டு நடத்தும் முறை அவருக்கென்று ஒன்று. ஒரு பாட்டை மூன்று முறை வாசிப்பார். முதல் முறை சந்தி பிரிக்காமல், அடி எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, ஓசைக்கு. அப்போது யாரும் குறிப்பெடுக்கக் கூடாது, பேனா மூடியிருக்க வேண்டும். இரண்டாம் முறை சந்தி பிரித்து. மூன்றாம் முறை எது எழுவாய், எது பயனிலை, இடையில் நிற்பது யாருக்கு அடை என்று தெரியும்படி நிறுத்தி நிறுத்தி. அதற்குப் பிறகுதான் பொருள். மூன்றாம் வாசிப்பு முடிகிறபோது பாதிப் பொருள் தானாகவே விளங்கியிருக்கும். மர்ரே ராஜம் சந்தி பிரித்துப் போட்ட மலிவுப் பதிப்புகள் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வரப்பிரசாதம். ஐயாவும் அவற்றை மதித்தவர்தான். ஆனால் முதல் வாசிப்புக்கு அவற்றைத் திறக்க விடமாட்டார். பல் இருக்கிற பிள்ளைக்கு மென்று ஊட்டுகிற மாதிரி என்பார்.

முல்லைப்பாட்டை அவர் நடத்தியது இன்னும் காதில் நிற்கிறது. பத்துப்பாட்டில் சிறியது அது. நப்பூதனார் பாடியது, 103 அடி. பாட்டு சிறிதே தவிர உரைச் சண்டை பெரிது. நச்சினார்க்கினியர் அடிகளை எங்கெங்கிருந்தோ எடுத்துக் கூட்டி மாட்டென்று பெயர் வைத்துப் பொருள் சொல்கிறார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் 1903இல் எழுதிய ஆராய்ச்சியுரையில், பாட்டு நிற்கிற நிலையிலேயே பொருள் ஓடுகிறதே, ஏன் அலைக்க வேண்டும் என்று வாதாடுகிறார். ஐயா இரண்டு உரையையும் ஒரே நடுநிலையோடு வாசித்துக் காட்டிவிட்டு, "ரெண்டு பேரும் பெரியவங்க. நீங்க யார் பக்கம்? காரணம் சொல்லுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பேசினோம். கத்தினோம். அவர் கலந்துகொண்ட ஒரே பட்டிமன்றம் அதுதான். அதிலும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்தப் பாட்டில் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்க நிற்பார்கள். சிறு கயிற்றில் கட்டியிருக்கும் கன்று தாயைக் காணாமல் சுற்றிச் சுற்றி வரும். குளிரில் நடுங்கிக்கொண்டு தோளைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆய்ச்சி ஒருத்தி, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று அதனிடம் சொல்வாள். அதைத்தான் விரிச்சியாகக் கொள்கிறார்கள் கிழவிகள். ஐயா புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, வலக்கையை இடத்தோளிலும் இடக்கையை வலத்தோளிலும் போட்டுக் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு நின்றார். தடித்த கண்ணாடி போட்ட, ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த மனிதர். யாரும் சிரிக்கவில்லை. "அவ ராணிக்குச் சொல்லலை, கிழவிகளுக்குச் சொல்லலை. கன்னுக்குட்டிக்குச் சொல்றா. அதனாலதான் அது நல்ல சொல்லு." அதற்கு மேல் விளக்கம் கிடையாது. பாசறையில் யவனர்களும் நாழிகை வட்டிலும் வருகிற பகுதிக்குப் போய்விட்டார். தேர்வில் அதிகம் கேட்பது அந்தப் பகுதியைத்தான்.

வகுப்பில் அவரிடம் ஒரு பழக்கம். பலகையில் எழுதும்போது பேச மாட்டார். எழுதி முடித்து, சுண்ணாம்புக்கட்டியை வைத்து, முழுதாக எங்கள் பக்கம் திரும்பி, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். கையை வாயருகே கொண்டுபோக மாட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டார். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நகர்ந்துகொள்வார். ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் முழுதாக உருவாகி வெளியே வரும், ஆனால் இழுவை இருக்காது. எழுபது பேர் வகுப்பில் மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டதற்குக் காரணம் சத்தமில்லை, இந்த ஒழுங்குதான். பச்சையப்பன் கல்லூரியில் மு. வரதராசனாரிடம் ஆனர்ஸ் படித்தவர் என்று தெரியும். அங்கே வந்த பழக்கம்போலிருக்கிறது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் மூன்றாம் இயல் பிறப்பியல். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்வது. பொதுவாக மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டு வரும் பகுதி. ஐயா அன்றைக்குச் சவரக் கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வட்டமான, தகரச் சட்டம் போட்ட, ஓரத்தில் ரசம் போன கண்ணாடி. ஒவ்வொருவராக அதைக் கையில் வாங்கிச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதலில் 'ப'. பிறகு 'ம'. கண்ணாடியில் வித்தியாசம் தெரிகிறதா? இல்லை. இரண்டுக்கும் இதழ் இயைய வேண்டும் என்றுதானே தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம' சொல்லு. வரவில்லை, 'ப' மாதிரி வந்து அடைத்துக்கொள்கிறது. மெல்லெழுத்துக்கு மூக்கு வளி வேண்டும் என்ற நூற்பா அங்கேயே விளங்கிவிட்டது. 'வ'வுக்கு மேற்பல் கீழிதழில் படுவது கண்ணாடியில் தெரிந்தது. 'ல', 'ள', 'ழ' மூன்றும் ஒன்றும் தெரியவில்லை. "இது கண்ணாடிக்கு எட்டாத எழுத்து. நாக்குக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னார்: "உதட்டை மட்டும் பார்க்கிறவங்களுக்கு 'அப்பா'வும் 'அம்மா'வும் ஒண்ணுதான்." நாங்கள் அதை நோட்டில்கூட எழுதவில்லை.

மூன்றாம் ஆண்டில் கட்டுரை ஒன்றைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மாலை ஐந்தரை இருக்கும். திண்ணையில் ஐயா பனியனும் வேட்டியுமாகச் சம்மணம் போட்டிருந்தார். எதிரே ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. கழுத்தில் தொங்கும் பருத்திப் பையில் காது கேட்கும் கருவி, அதிலிருந்து காதுக்கு ஒயர். இருவருக்கும் நடுவே அதே கண்ணாடி. மகளின் சுண்டுவிரலை எடுத்துத் தன் மூக்குத் தண்டில் வைத்து, "அம்மா" என்றார். விரலை எடுத்துவிட்டு, "அப்பா" என்றார். மறுபடி வைத்தார். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "வாம்மா, உட்காரு. இன்னும் பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் பாடத்தைத் தொடர்ந்தார். அம்மா உள்ளேயிருந்து எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைக்குட்டிக்குப் பிறவியிலேயே காது மந்தம். சிறப்புப் பள்ளி விடுதியில் சேர்க்கச் சொன்னவர்கள் உண்டு, இவர்கள் அனுப்பவில்லை. திருச்சியில் பயிற்சி தருகிறவர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை கூட்டிப்போய், அவர் சொல்லித்தந்ததைத் தினமும் சாயங்காலம் வீட்டில் செய்தார்கள். வகுப்பில் நாங்கள் மு.வ. பாணி என்று நினைத்ததெல்லாம் இங்கே வந்த பழக்கம்: முகத்தைக் காட்டிப் பேசு, வெளிச்சத்தில் நில், வாயை மறைக்காதே, எழுத்தை விழுங்காதே. ஒரு குழந்தைக்காகக் கற்றதை எழுபது பேருக்குச் செய்துகொண்டிருந்தார். மேடைக்குப் போகாததன் காரணமும் அந்தச் சாயங்காலம்தான். பட்டிமன்றம் என்றால் ராத்திரி ஒன்பதுக்கு மேல்; போய்வர மறுநாள் ஆகும். திருச்சி வானொலிக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் போவார், அது பகல் பதிவு.

முதல்வர் பதவியை விட்டதும் இதே கணக்குதான். அரசுக் கல்லூரியில் முதல்வர் என்றால் மாறுதல் கட்டாயம். எந்த மாவட்டம் என்று சொல்ல முடியாது. அம்மா ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. அவரும் மாறுதல் வாங்க வேண்டும், பெரியவர்கள் இருவரின் படிப்பு, சின்னவளின் பயிற்சி. பதவி உயர்வு வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் பி.காம். வகுப்புக்குப் போனார். "ஐயா தியாகம் செய்துவிட்டார்" என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "அவர் பிள்ளையை அவர் பார்த்துக்கிட்டார். இதுல என்ன தியாகம்? நான் தலைமையாசிரியை ஆகாம விட்டதை யாரும் கேட்கலையே?" இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நானும் பின்னாளில் கல்லூரி ஆசிரியையாகி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். சாயங்காலம் ஆய்வரங்கத்தில் உட்கார முடியாமல் பால் குடிக்கிற குழந்தைக்காக ஓடியபோது, குடும்பஸ்தி என்று என்னை யாரும் கொண்டாடவில்லை. ஈடுபாடு போதாது என்றார்கள். ஐயா வெண்டைக்காய் நறுக்கியதை ஊர் இன்றைக்கும் கதையாகச் சொல்கிறது. நறுக்கினார், நன்றாகவே நறுக்கினார். அம்மா நறுக்கியதை யார் சொல்வது?

குறைகளும் இருந்தன. புதுக்கவிதை என்றால் அவருக்கு ஆகாது. கோவையிலிருந்து 1971இல் வானம்பாடி கிளம்பி, அதன் கவிஞர்கள் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்ட பிறகும், அந்தத் தாளை இளைய ஆசிரியர் ஒருவரிடம் தள்ளிவிடுவார். "எனக்குக் காதுல விழலை. விழாததை எப்படி நடத்த?" என்பார். அது சாக்கு என்றுதான் நான் நினைக்கிறேன். மூன்று முறை வாசித்திருந்தால் விழுந்திருக்கும். அப்புறம், அவர் எழுதவில்லை. சேனாவரையர் உரைக்கு எளிய விளக்கம் ஒன்று எழுதப் பத்துப் பக்கம் தொடங்கினார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையம் படிக்கிற எம்.ஏ. மாணவன் படும் பாடு தெரிந்தவர்களுக்கு அந்த நூல் எவ்வளவு வேண்டியது என்று புரியும். இளம்பூரணர் ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில் சேனாவரையர் தடையெழுப்பி, விடை சொல்லி, அந்த விடைக்கும் தடையெழுப்புவார். வகுப்பில் ஐயா அதை வழக்கு விசாரணை மாதிரி பிரித்துக்கொடுப்பார். தாளில் இறங்கவில்லை. அதற்கும் சாயங்காலத்தைக் காரணம் சொல்ல முடியாது. பிள்ளைகள் வளர்ந்த பிறகும், ஓய்வு பெற்ற பிறகும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எதிரே முகம் இல்லை என்று ஒருமுறை சொன்னார்.

பழைய பதிப்பாசிரியர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வேலை பார்த்துக்கொண்டே செய்தார்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்வார். தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தன்னைப் போலவே மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த உ.வே. சாமிநாதையருக்குக் கும்பகோணம் கல்லூரி வேலையை வாங்கிக்கொடுத்தது 1880இல். சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாக அந்த ஊருக்கு வந்து, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டதும் அதே வருஷம். சீவக சிந்தாமணி அச்சில் வந்தது 1887. "நடுவில ஏழு வருஷம், தினமும் கல்லூரியில பாடம் நடத்தியிருக்கார். விடுப்பு எடுத்துக்கிட்டு ஓலை பார்க்கலை." நற்றிணைக்கு உரை எழுதிய பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் பள்ளித் தமிழாசிரியர். 1915இல் வெளிவந்த தன் புத்தகத்தைப் பார்க்க அவர் இல்லை. முந்தின ஆண்டே போய்விட்டார். இதைச் சொல்லும்போது ஐயா குரல் மாறாது. நற்றிணையைத் திறந்து அடுத்த பாட்டுக்குப் போவார். எங்களைத் தஞ்சை சரசுவதி மகாலுக்குக் கூட்டிப்போனபோதும் ஓலையைப் பார்த்து உருகச் சொல்லவில்லை. ஓலையில் புள்ளி இருக்காது, மெய் எது உயிர்மெய் எது என்று படிக்கிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும், ரகரமும் காலும் ஒன்றுபோலத் தெரியும், இதிலிருந்து அச்சுக்குக் கொண்டுவா பார்க்கலாம் என்றார். ஒரு வரியில் முட்டி நின்ற பிறகுதான் பதிப்பு என்றால் என்ன வேலை என்று உறைத்தது.

நான் வேலைக்கு வந்த பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் ஐயாவோடு உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் சீஃப். முகாமில் எல்லோருக்கும் ஊர் திரும்பும் அவசரம், தாள் பறக்கும். ஐயா, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பக்கம் நிரப்பியிருக்கும் விடையையும் கடைசிவரை படிப்பார். கோனார் நோட்ஸ் வரிகளை அப்படியே எழுதியவனுக்குக் குறைக்க மாட்டார். நடுவில் சொந்தமாக ஒரு வாக்கியம் வந்தால் ஓரத்தில் சின்னக் கோடு போட்டு ஒரு மதிப்பெண் சேர்ப்பார். எங்களுக்கும் அதையே சொன்னார். எம்.ஃபில். ஆய்வேட்டில் எனக்கு அவர் செய்ததும் அதுதான்: பென்சில், ஓரத்தில் கேள்விக்குறி, வேறொன்றும் எழுத மாட்டார். கேள்விக்குறி எதற்கு என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில சமயம் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

2010க்குப் பிறகு கல்லூரிகளில் ஏபிஐ மதிப்பெண் என்று வந்தது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இவ்வளவு, ஐஎஸ்எஸ்என் எண் போட்ட இதழில் எழுதினால் இவ்வளவு என்று படிவம். ஐயாவுக்கு ஒரு மாதிரிப் படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். "எனக்கு எவ்வளவு வரும்?" கூட்டிப் பார்த்தோம். உதவிப் பேராசிரியராகவே தேற மாட்டார் என்று வந்தது. அவர் வருத்தப்படவில்லை, எனக்கு வந்த கூட்டலைத்தான் சரிபார்த்தார். நான் இரண்டு இடத்தில் குறைத்துப் போட்டிருந்தேன்.

அவரிடம் கற்ற எதையும் என்னால் அந்தப் படிவத்தில் எழுத முடியவில்லை. பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு நான் ஒருநாளும் பேசியதில்லை. ஒரு வருஷம் பகுதி ஒன்று வகுப்பில், நான் நடத்துவது மட்டும் புரிகிறது என்று சொன்ன பெண்ணை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி அவள் பெற்றோரிடம் பேசினேன். அவளுக்கு ஒரு காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அதுவரைக்கும் பள்ளியில் கவனமில்லாத பிள்ளை என்றே பெயர் வாங்கியிருந்தாள். இதை ஐயாவிடம் சொன்னபோது, எந்தக் காது என்று கேட்டார். அந்தப் பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்காரவை, கேட்கிற காது வகுப்பைப் பார்த்து இருக்கட்டும் என்றார்.

சின்னவள் இப்போது வங்கியில் அதிகாரி. கருவி காதுக்குப் பின்னால் அடங்கிவிட்டது. எதிரே நின்று பேசினால் எல்லாம் பேசுவாள். போனில் பேசமாட்டாள், வாட்ஸ்ஆப்தான். அப்பாவின் புத்தகங்களை அவள்தான் பட்டியல் போடுகிறாள். கல்லூரி நூலகம் ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுக்கக் கேட்டோம். பழைய புத்தகத்துக்கு இடமில்லை, பரிசாகப் பெறவும் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். அதனால் படிக்கிறவர்களுக்கே பிரித்துக் கொடுப்பதென்று அம்மா முடிவு செய்துவிட்டார். கழகப் பதிப்புகள் எம்.ஏ. படிக்கும் நாலு பிள்ளைகளுக்குப் போகின்றன. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதித் தொகுதிகளை மூத்தவன் விடமாட்டேன் என்கிறான், அவன் படித்தது பொறியியல். ஐயாவின் பென்சில் குறியோடு இருக்கும் சேனாவரையம் மட்டும் பாக்கி. எனக்கு வேண்டும் என்றேன். எனக்குப் பின்னால் ஐயாவிடம் படித்த ஒருவரும் கேட்கிறார். அவர் இன்னும் வேலையில் இருக்கிறார், எம்.ஏ.வுக்கு அந்தத் தாளை நடத்துகிறார். நான் ஓய்வு பெற்றவள். யாருக்கு நியாயம் என்பது எனக்கும் தெரியும். "அக்கா, என்ன செய்யட்டும்?" என்று சின்னவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். அவருக்கே கொடுத்துவிடு, அதற்கு முன் எனக்கு ஒரு வாரம் கொடு, நகலெடுத்துக்கொள்கிறேன் என்று நேற்று எழுதியிருக்கிறேன்.